ஐந்தாவது பெயர்

பிப்ரவரி 13, திங்கள்

காலையிலேயே டீன் குலசேகரன் அறைக்குக் கூப்பிட்டுக் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளில் எங்கள் பதினொரு துறைகளும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. மார்ச் 16-ஆம் தேதி தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் அச்சுப் பிரதியும் அத்தாட்சியும் கோப்பில் வைக்க வேண்டும். "ஆவுடை மேடம் கண்ணுல பட்டா எந்தத் தப்பும் தப்பாது" என்றார். புகழ்ச்சி வந்தால் பின்னாலேயே வேலை வரும் என்பது இந்த நூலகத்தில் இருபத்தாறு வருடத்தில் நான் கற்றது.

எங்களுடையது இளங்கலையே இல்லாத பல்கலைக்கழகம். முதுகலையும் முனைவர் பட்டமும் மட்டும்தான். ஊருக்குக் காட்டிக்கொள்ள எங்களிடம் இருப்பது ஆராய்ச்சி ஒன்றுதான். பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தேன். கடற்பாசியில் கால்சியம், வட்டெழுத்துக் கல்வெட்டில் ஏரிப் பாசனம், வாழைநார் அட்டை, இறால் குஞ்சுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய், பீடித் தொழிலாளரின் குடும்ப அமைப்பு, நிகழ்தகவில் எனக்குப் புரியாத ஒரு தேற்றம். மொத்தம் 486.

486 என்பது சுத்தப் பொய். ஒரே கட்டுரையை நான்கு துறைகள் தங்களுடையது என்று அனுப்பியிருக்கின்றன, அதிலும் தலைப்பைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி. ஒரு கட்டுரை ஒரு தடவைதான் எண்ணப்படும் என்று எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன். நாளை முதல் எல்லாருக்கும் நான் வேண்டாதவள்.

வீட்டில் இவருக்கு இடது கண்ணில் புரை எடுத்து இன்று நாலாம் நாள். படிக்கக் கூடாது, குனியக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது. முப்பத்து நாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த மனிதரைச் சும்மா உட்கார வைத்தால் வீட்டில் இருக்கும் ஓட்டை உடைசல் எல்லாம் அவர் கண்ணுக்குத்தான் தெரிகிறது, அதுவும் ஒரு கண்ணுக்கு.

பிப்ரவரி 14, செவ்வாய்

எட்டு, பன்னிரண்டு, நாலு, எட்டு. சொட்டு மருந்துக் கணக்கு. குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் நடுவில் ஓடி வந்து விட்டுப் போகிறேன். பட்டியல் 451.

பிப்ரவரி 16, வியாழன்

வேதியியல்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். கடற்பாசிக் கட்டுரை தங்கள் துறைக்குத்தான் சேரும் என்றார். அரை மணி நேரத்தில் கடலியல்காரரும் வந்துவிட்டார். இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கிறது. கட்டுரையில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த வளாகத்தில் இதற்குப் 'பந்தி' என்று பெயர். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வட்டம். ஒருவர் கட்டுரை எழுதினால் மற்ற எல்லார் பெயரையும் போடுவார். அடுத்தவர் எழுதும்போது இவர் பெயரைப் போடுவார். ஐந்து பேர் ஆளுக்கொன்று எழுதினால் ஆளுக்கு ஐந்து கட்டுரை ஆகிவிடும். பதவி உயர்வுக்கு ஆகும். பெயரைச் சேர்ப்பதற்கு 'இலை போடுவது' என்பார்கள். "சமைச்சவன் ஒருத்தன், எல அஞ்சு மேடம்" என்றார் சுடலைமணி. என் நூலக உதவியாளர். "அதுலயும் சமைச்சவனுக்கே எல இருக்காது சில நேரம்."

வேண்டாத பேச்சு. இலை போடுபவர்களும் அப்படி ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. எனக்கும் ஒரு தடவை போட்டார்கள். அது வேறு மாதிரி.

பிப்ரவரி 20, திங்கள்

இசக்கிச்செல்வி ஆய்வேட்டைக் கொண்டு வந்தாள். சுற்றுச்சூழல் துறை, டீனுடைய மாணவி. முப்பத்திரண்டு வயது இருக்கும். எந்த ஆய்வேடும் சமர்ப்பிக்கும் முன் நூலகத்துக்கு வர வேண்டும். வேறு எங்கிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறதா என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்போம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் என் கையெழுத்தோடு சான்றிதழ். அது இல்லாமல் தேர்வுப் பிரிவில் வாங்க மாட்டார்கள்.

"கடைசி தேதி என்னைக்கும்மா?"

"மார்ச் இருபத்தி நாலு மேடம். ஆறு வருசம் முடிஞ்சு ரெண்டு தடவ நீட்டியாச்சு. அன்னைக்கு வுட்டா பதிவு ரத்துன்னு எழுதியே குடுத்துட்டாவ."

உப்பள வேலைக்குப் போகும் பெண்களின் குடிநீரும் ரத்த அழுத்தமும் என்பது தலைப்பு. ஆறு ஊர்கள், 312 பெண்கள், ஒவ்வொருவரையும் மூன்று பருவத்தில் சோதித்திருக்கிறாள். 240 பக்கம். டீன் ஒரு பக்கமும் புரட்டவில்லை என்று நினைக்கிறேன். கையெழுத்து வேண்டிய இடங்களில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகள் மட்டும் கசங்கியிருந்தன.

சாயங்காலம் முடிவு வந்தது. 57 சதவீதம். எல்லாம் ஒரே கட்டுரையிலிருந்து. என் பட்டியலில் அது வரிசை எண் 219.

அறிக்கையை அச்செடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வரும் வழியில் அரை லிட்டர் தயிர், கறிவேப்பிலை.

பிப்ரவரி 21, செவ்வாய்

இன்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அம்பத்தேழு சதவீதம் வருதும்மா."

"எதுல இருந்து மேடம்?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். ஆய்வேட்டின் பக்கங்கள் முழுக்கச் சிவப்பு. அவள் குனிந்து நிதானமாகப் படித்தாள்.

"இது நான் எழுதுனது மேடம். மூணாவது, நாலாவது அத்தியாயம். எழுதி சார்ட்ட குடுத்தேன். கமா முதக்கொண்டு அப்பிடியே இருக்கு."

"உன் பேரு அதுல இல்லையேம்மா."

"இல்லதான்."

அவள் அழவில்லை. கட்டுரைத் தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்கள் தெரிந்துகொண்டிருந்தன. அவள் அவற்றையும் படித்தாள். நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, கைடைப் போய்ப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஐந்தில் கடைசிப் பெயர் என்னுடையது. நேற்றே எழுதியிருக்கலாம். ஏனோ பேனா வரவில்லை.

பிப்ரவரி 23, வியாழன்

டீனிடம் பேசினேன். மனிதர் பதறவே இல்லை. காபி சொன்னார்.

"வார்த்தைய மாத்தி எழுதச் சொல்லுங்க மேடம். எல்லாப் பிள்ளைகளும் செய்றதுதான்."

"அட்டவணைய எப்படி சார் மாத்துறது. எண்ணு எண்ணுதானே."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

"அந்தப் பொண்ணு பேர ஏன் சார் விட்டுட்டோம்?"

"அந்த ஜர்னல்ல அஞ்சு பேருக்கு மேல ஏத்துக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். பிறகு, குழு வரும்போது முதலில் காட்டப்போவது இந்தக் கட்டுரையைத்தான் என்றார். சுற்றுச்சூழல், பொருளியல், புள்ளியியல், சமூகவியல், நூலகம். ஐந்து துறைகள் சேர்ந்து செய்த ஆய்வு எங்களிடம் வேறு இல்லையாம்.

காபியில் சர்க்கரை அதிகம். பாதியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, திங்கள்

ராத்திரிச் சொட்டு விட்டு முடித்ததும் இவர் பிடித்துக்கொண்டார். தினமும் பேப்பர் படித்துக் காட்டச் சொல்வார். இன்று, "பேப்பர்ல ஒண்ணும் இல்ல. நீ எழுதுன கட்டுர ஒண்ணு இருக்குல்லா, நூலகர் ஆனப்ப வந்தது. அதப் படியேன், கேப்போம்" என்றார்.

நான் அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்பை அணைச்சுட்டு வா என்றார்.

மூன்று வருடத்தில் இன்றைக்குத்தான் அதை முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறாள். இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முன்னூத்திப் பன்னெண்டு பேரையும் நீயா போய்ப் பாத்த?"

"நான் எப்படிப் போவேன். நான் நூற்பட்டியல் சரிபார்த்தேன்."

"சரி. வெள்ளோடைன்னு ஒரு ஊரு சொன்னியே. அங்கதான் தண்ணில உப்பு ரொம்பக் கூட. ஆனா பிரஷர் மத்த ஊர விடக் கொறச்சலா இருக்கு. அது எப்படி?"

கட்டுரையில் காரணம் சொல்லியிருக்கவில்லை. தெரியாது என்றேன்.

"ஏளா, கணக்குக்கு விடை தெரியாம பேரு எழுதிக் குடுத்தா நான் பிள்ளைகளுக்கு முட்டதான் போடுவேன்" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் எழுந்து போய்ச் சோற்றை வடித்தேன்.

மார்ச் 1, புதன்

இசக்கிச்செல்வி மாற்றி எழுதிக் கொண்டு வந்தாள். ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறாள். நன்றாக இருந்த ஆங்கிலத்தை எல்லாம் திருகி, 'பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள்' என்று இருந்ததை 'மகளிரால் நீரானது சுமக்கப்படுகிறது' என்கிற கணக்கில் ஆக்கி வைத்திருக்கிறாள். தன் வாக்கியத்தைத் தானே ஒளித்துவைக்க வேண்டிய நிலைமை. படிக்க எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

41 சதவீதம். அட்டவணைகள் அப்படியே நிற்கின்றன.

"எண்ண மாத்த முடியாதுல்லா மேடம். அந்தப் பொம்பளைங்க கையில பட்டையச் சுத்தி நான் எடுத்த எண்ணு."

வெள்ளோடையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 3, வெள்ளி

சுண்டல் செய்தேன். சொட்டு நாலு வேளையும் விட்டேன். பட்டியல் 407. வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 7, செவ்வாய்

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆய்வு மாணவர் தன் கட்டுரையிலிருந்தே எடுத்திருந்தால் அந்தச் சதவீதத்தைக் கழித்துவிடலாம். ஆனால் கட்டுரையில் அவர் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அவருடைய உழைப்பு என்று கட்டுரை ஆசிரியர்கள் எழுத்தில் தர வேண்டும். டீனிடம் சொன்னேன்.

"குழு போகட்டும் மேடம். அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவோம். இப்பக் குடுத்தா அந்தக் காகிதம் சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்கும்னு யோசிங்க."

குழு 17-ஆம் தேதி போய்விடும். பிறகு ஒரு வாரம் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது. எனக்கும் அதுவே வசதி என்று மனசு ஒத்துக்கொண்டது.

மத்தியானம் முழுக்க அத்தாட்சி தேடும் வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பழைய மின்னஞ்சல் ஒன்றாவது கோப்பில் வேண்டும். 219-க்கும் தேடினேன். மூன்று வருடத்துக்கு முன், ஜூன் 9. டீன் எனக்குக் கட்டுரை வரைவை அனுப்பி, நூற்பட்டியலைத் திருத்தச் சொல்லியிருக்கிறார். கோப்பைத் திறந்தேன். பதினேழு பிழை திருத்தியிருக்கிறேன். நல்ல வேலைதான். முதல் பக்கத்துக்குப் போனேன். மூடிவிட்டேன். அந்த மின்னஞ்சலை அத்தாட்சிக் கோப்பில் வைக்கவில்லை. ஜர்னல்காரர்கள் அனுப்பிய ஏற்புக் கடிதம் போதும்.

பிப்ரவரி 16 அன்று எனக்கு 'இலை போட்டார்கள்' என்று எழுதியிருக்கிறேன். திருத்தம்: நான்தான் போய்க் கேட்டேன். நூலகர் பதவிக்கு ஒரு கட்டுரை குறைந்தது.

மார்ச் 10, வெள்ளி

பட்டியல் முடிந்தது. 398. ஐந்து ஆண்டு, பதினொரு துறை, ஒரு கட்டுரை ஒரு தடவை. துணைவேந்தர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். வேதியியல்காரரும் தட்டினார், மெல்ல.

மார்ச் 14, செவ்வாய்

ஒத்திகை. கண்காட்சி அறையில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பெரிய பதாகை. நடுவில் எங்கள் ஐவர் கட்டுரை. அதைத் தயாரிக்க டீன் யாரை வைத்தார் என்றால் இசக்கிச்செல்வியை. வேறு யாருக்கும் அந்த வரைபடங்களைத் தொடத் தெரியாது. ஆறு ஊருக்கும் ஆறு நிறம், அழகாகச் செய்திருக்கிறாள். தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்களையும் பட்டங்களோடு அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். என் பெயரில் 'ஆவுடைநாயகி' என்பதில் எழுத்துப் பிழைகூட இல்லை. எல்லாரும் தவறாகத்தான் எழுதுவார்கள்.

நாளை மறுநாள் அவள் பதாகைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டில் கொடுக்க வேண்டுமாம்.

மார்ச் 16, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குக் குழு வந்தது. தலைவர் வடநாட்டுப் பேராசிரியை, அறுபது வயது, பருத்திச் சேலை. பேச்சு எல்லாம் ஆங்கிலம். எங்கள் பதாகை முன் வெகுநேரம் நின்றார். நூலகர் ஒருவர் இப்படி ஓர் ஆய்வில் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று என்னிடம் கை கொடுத்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு விரலை வெள்ளோடை மேல் வைத்து, தண்ணீரில் உப்பு அதிகம், அழுத்தம் குறைவு, ஏன் என்று கேட்டார்.

வீட்டில் ஒருவர் கேட்ட அதே கேள்வி. பதினேழு நாள் இருந்தது எனக்கு, விடை கேட்டு வைத்துக்கொள்ள.

டீன் மரபணு, உணவுப் பழக்கம் என்று ஏதோ சொன்னார். புள்ளியியல் பேராசிரியர் மாதிரி அளவு சின்னது என்றார். தலைவருக்குத் திருப்தியில்லை. என்னைப் பார்த்தார். நான் பதாகையின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

அப்போது பக்கவாட்டிலிருந்து இசக்கிச்செல்வி நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை அங்கே யாரும் குடிப்பதில்லை, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும்தான். உப்பளத்துக்குத் தினமும் லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. பெண்கள் வேலை முடிந்து திரும்பும்போது ஆளுக்கொரு குடம் வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். அவர்களோடு நாலு நாள் உப்பு வாரியபோதுதான் தெரிந்தது. லாரி நின்றால் அந்த ஊர்தான் முதலில் விழும்.

தலைவர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். நீங்கள் யார் என்றார்.

டீன் முந்திக்கொண்டார். எங்கள் மாணவி, ஏற்பாடுகளில் உதவி செய்கிறாள் என்றார். தலைவர் அவரை விட்டுவிட்டு என்னிடம், அப்படியா என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

இசக்கிச்செல்வி தண்ணீர் பாட்டில்களை அடுக்கப் போய்விட்டாள்.

மார்ச் 17, வெள்ளி

குழு போய்விட்டது. நல்ல தரம் வரும் என்று பேச்சு. எல்லாருக்கும் அல்வா.

சாயங்காலம் டீனிடம் ஐந்து பேரும் தர வேண்டிய கடிதத்தை ஞாபகப்படுத்தினேன். மற்ற மூவரும் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்களாம். ஆய்வுக் குழு ஏப்ரலில் கூடும், அங்கே வைப்போம் என்றார். "இருபத்தி நாலோட அவ பதிவு போயிரும் சார்" என்றேன். "திரும்பப் பதிஞ்சுக்கிடலாம் மேடம். சின்னப் பொண்ணுதான" என்றார். இன்னும் ஆறு வருடம், 312 பெண்கள், அதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அவர் கணக்குப் போடவில்லை.

அல்வாவை இவருக்குக் கொண்டு வந்தேன். நான் சாப்பிடவில்லை, சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை என்பது இவருக்குத் தெரியும்.

மார்ச் 20, திங்கள்

இசக்கிச்செல்வி ஏழு நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொண்டு வந்தாள். பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும் என்றாள். நான் ஆய்வேட்டை விட்டுவிட்டுப் போகிறாளோ என்று பயந்துபோனேன்.

"எதுக்கும்மா இப்பவே?"

"ரெண்டுக்கும் ஆகும்லா மேடம். சமர்ப்பிச்சாலும் வேணும், போனாலும் வேணும்."

சுடலைமணி புத்தகங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் உட்காரவில்லை. கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா. அந்தக் கட்டுரைல அஞ்சாவதா எம் பேருதான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்லா?"

நான் முத்திரையைத் தேடினேன். மேஜை மேலேயே இருந்தது.

"நீங்க நூற்பட்டியலத் திருத்தி அனுப்புன காப்பிய சார் எனக்குத்தான் தள்ளிவிட்டாவ, சரிபாருன்னு. அதுல எம் பேரு இருந்துச்சு. நீங்க திருத்தி எழுதுன பச்சக் குறிப்பெல்லாம் நான் வச்சிருக்கேன். நல்லாப் பாத்துருந்தீங்க. ரெண்டு மாசம் கழிச்சு அச்சுல வந்தப்ப எம் பேரு இருந்த எடத்துல உங்க பேரு."

"ஏன் அப்பவே கேக்கல?"

"கைடுகிட்ட எப்படிக் கேக்க. நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."

முத்திரை குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம், தெரியும். ஜூன் 9 அன்று அந்தப் பெயரைப் பார்த்தேன். ஜூலையில் டீன் அறைக்குப் போய் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டேன். ஐந்துதான் முடியும் என்று அவர் அப்போதே சொன்னார். "ஒண்ண எடுத்தாத்தான் ஒண்ணு வைக்கலாம்" என்றார். எதை எடுப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று டீனைச் சொல்லலாம். நெய்க்குக் கை நீட்டியவள் நான்.

மார்ச் 21, செவ்வாய்

காலையில் எழுதி, மத்தியானம் திருத்தி, மூன்று மணிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜர்னல் ஆசிரியருக்கு ஒரு கடிதம்: இந்தக் கட்டுரையில் நான் செய்தது நூற்பட்டியல் திருத்தம் மட்டுமே, ஆய்வும் எழுத்தும் மு. இசக்கிச்செல்வியுடையது, வரைவில் ஐந்தாவது பெயர் அவருடையது, அதை நீக்கிய இடத்தில் என் பெயர் என் வேண்டுகோளின் பேரில் வைக்கப்பட்டது. ஜூன் 9 மின்னஞ்சலை இணைத்தேன். நகல் துணைவேந்தருக்கு, இன்னொன்று மதிப்பீட்டுக் குழுத் தலைவருக்கு. துணைவேந்தர் அலுவலகத்தில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கிக்கொண்டேன். வாங்கிய எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

பிறகு அவளுடைய சான்றிதழ். 57 சதவீதம் என்றே எழுதினேன். கீழே நூலகர் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, யாரும் எழுதுவதில்லை. அதில், 'ஒப்புமை முழுவதும் மாணவியின் சொந்த உழைப்பே. அந்தக் கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் உள்ள நான் இதை உறுதி செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஐந்து பேர் கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒன்றுதான். ஏற்பார்களா என்று தெரியாது.

நாலு மணிச் சொட்டு விட வீட்டுக்கு வந்தேன். ஒரு சொட்டு இவர் கன்னத்தில் விழுந்துவிட்டது.

"என்னளா ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நூலகர் ஆன அன்னைக்கு நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 23, வியாழன்

டீன் நூலகத்துக்கே வந்தார். கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"இன்னும் மூணு வருசம்தான் உங்களுக்கு. நல்லபடியா மாலையப் போட்டு அனுப்பியிருப்போம். இப்ப விசாரண வரும். நூலகர் பதவியே செல்லாதுன்னு ஆகும். எனக்கு ஒண்ணும் ஆகாது மேடம், எனக்கு எழுபது கட்டுர இருக்கு."

"தெரியும் சார். எண்ணுனதே நான்தான்."

"கடிதத்தத் திரும்ப வாங்கிக்கோங்க. துணைவேந்தர்ட்ட நான் பேசுதேன். அந்தப் பொண்ணுக்கு ஏப்ரல்ல கண்டிப்பா ஏதாவது செய்வோம்."

யோசித்தேன் என்றே எழுதுகிறேன். அவர் போன பிறகும் ஒரு மணி நேரம் யோசித்தேன். ஓய்வூதியத்தைக் கணக்குப் போட்டேன், இன்னும் புரை எடுக்க வேண்டிய இவருடைய வலது கண்ணை நினைத்தேன். பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஐந்து மணிக்கு டீனுக்குப் போன் செய்து, வாங்கப் போவதில்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மார்ச் 24, வெள்ளி

தேர்வுப் பிரிவு நாலரை மணி வரை. நான் நாலு மணிக்கே போய் வராந்தாவில் நின்றேன். நாலே காலுக்கு இசக்கிச்செல்வி வந்தாள். கையில் ஐந்து பிரதிகள். மாற்றி எழுதியது இல்லை, முதலில் எழுதியது. பெண்கள் அதில் தண்ணீர் சுமக்கிறார்கள்.

கண்காணிப்பாளர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். பிப்ரவரியிலேயே வாங்கிய கைடு கையெழுத்து இருக்கிறது, பாக்கி இல்லை சான்று இருக்கிறது. என் சான்றிதழில் நின்றார். இரண்டு தடவை படித்தார். துணைவேந்தர் அலுவலக முத்திரை போட்ட என் கடித நகலையும் படித்தார். யாருக்கோ போன் செய்தார். எதிர்ப்பக்கம் பேசியது கேட்கவில்லை. மணி நாலு இருபத்தைந்து.

"வாங்கிக்கிடுதேன். ஏத்துக்கிடலாமா வேண்டாமான்னு கமிட்டிதான் சொல்லும். அது என் கையில இல்ல" என்று விண்ணப்பத்தை அவளிடம் தள்ளினார். "ஒரு கட்டம் விட்டுப் போச்சு பாருங்க."

ஆய்வுக் காலத்தில் வெளியிட்ட கட்டுரைகள் என்ற கட்டம். அவள் பேனாவை எடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: 'ஒன்று. அதில் என் பெயர் இல்லை.'

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா. இல்லன்னு போடு, இல்ல இருக்குன்னு போடு."

"இருக்கதத்தான சார் எழுத முடியும்."

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க சொல்லுங்க."

"அவ எழுதுனது சரிதான்" என்றேன். "அவ பேரு இருக்க வேண்டிய எடத்துல எம் பேரு இருக்கு." வரிசையில் பின்னால் நாலைந்து மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன், வேண்டுமென்றே இல்லை, என் குரல் அப்படி வந்தது.

நாலு இருபத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. அவள் ஒப்புகைச் சீட்டை வாங்கி, மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். படியில் பார்த்து இறங்கிப் போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எந்த முகத்தோடு அதை வாங்கியிருப்பேன் என்று தெரியவில்லை.